196.5 கட்ஆஃபுக்கு எதற்கு 43 சாய்ஸ்?

2025 மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மதியமே கோபியிலிருந்து அக்கா போன் பண்ணிவிட்டாள். அவள் பெண், எங்கள் பாப்பாவுக்கு கணக்கு 99, பிசிக்ஸ் 97, கெமிஸ்ட்ரி 98. பிசிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் பாதியாக்கிக் கணக்கோடு கூட்டினால் 200க்கு 196.5, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு இதுதான் கட்ஆஃப் மார்க். "கிண்டி கிடைச்சிரும்ல?" என்றாள், அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியைத்தான் கேட்கிறாள். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடும் சத்தம், யாரோ கேசரி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அந்த நேரத்தில் என்ன சொல்வது? "பார்க்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை என்று போனை வைத்த வேகத்திலேயே தெரிந்தது.

நான் கல்வி ஆலோசகர் ஒன்றும் இல்லை. நான்கு வருடம் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஈரோட்டில் துணி வியாபாரத்துக்குக் கணக்குப் பார்க்கிறவன். ஆனால் சொந்தத்தில் யார் வீட்டுப் பிள்ளை ப்ளஸ் டூ முடித்தாலும் ஜூன் மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். ரேங்க் வரிசையில் கல்லூரி இடம் ஒதுக்கும் இந்தக் கவுன்சிலிங் 2018இல் ஆன்லைனுக்கு மாறியதிலிருந்து இது வருடா வருடம் நடக்கிறது. எனக்கும் இதில் ஒரு வெறி உண்டு, அதற்குக் காரணம் என் சொந்தக் கதை.

2004இல் நான் கவுன்சிலிங் போனபோது நுழைவுத்தேர்வு இருந்தது, கட்ஆஃப் 300க்கு. எனக்கு 270 சொச்சம். அப்பாவும் நானும் ராத்திரி பஸ் ஏறி கிண்டிக்குப் போய், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். திரையில் கல்லூரிப் பெயர், பாடம், மீதி இருக்கும் இடங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அப்பா சட்டைப் பையில் ஐந்து கல்லூரிப் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு. பள்ளிக்கூட சார் எழுதிக் கொடுத்தது. எங்கள் முறை வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் சீட்டில் இருந்த ஐந்தாவது பெயருக்கு நேரே இருந்த எண்ணும் பூஜ்ஜியமாகிவிட்டது. அப்பா அந்தச் சீட்டை மடித்து மடித்து நகக்கண் அளவுக்குச் சின்னதாக்கிவிட்டார். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் "சொல்லுங்க சார், எந்த காலேஜ்?" என்று கேட்க, அப்பா என்னைப் பார்க்க, நான் ஒரு பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை எனக்குத் தெரிந்ததே வரும் வழியில் ஒரு காலேஜ் பஸ்ஸின் முதுகில் படித்ததால்தான். நான்கு வருடம் அங்கே படித்தேன். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன், அல்லது எழுதாமலே விடுகிறேன்.

இப்போது அந்தத் துண்டுச்சீட்டுக்குப் பதில் சாய்ஸ் லிஸ்ட், வேண்டிய கல்லூரியையும் பாடத்தையும் ஆசை வரிசையில் முன்கூட்டியே ஆன்லைனில் எழுதிக் கொடுப்பது. ஆக, அதில் மேலே என்ன எழுதுவது என்று யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். ஆறாவது பெயர் என்ன, பதினைந்தாவது பெயர் என்ன என்பதைத்தான் நல்ல மார்க் வாங்கிய வீடுகளில் யாரும் யோசிப்பதே இல்லை. சுமாராகப் படிக்கும் பிள்ளை வீட்டில் ஒழுங்காக உட்கார்ந்து நூறு கல்லூரியை அலசுவார்கள். 195க்கு மேல் வாங்கிய பிள்ளை வீட்டில் மட்டும் ஏழெட்டோடு நிறுத்திக்கொள்வார்கள், அதற்குக் கீழே எழுதுவது ஏதோ பிள்ளையைக் குறைத்துப் பேசுவது மாதிரி. எங்கள் தெருவிலேயே 198 வைத்திருந்த ஒரு பையன் ஏழே ஏழு சாய்ஸ் போட்டான், ஏழும் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏழும் எல்லாரும் போடும் அதே கல்லூரிகள். முதல் சுற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றுக்கு வருவதற்குள் அவனைவிடக் குறைந்த மார்க் பிள்ளைகள் நல்ல நல்ல இடங்களை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவன் அப்பா கோபத்தில் கவுன்சிலிங்கே வேண்டாம் என்று ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் லட்சக்கணக்கில் கட்டிச் சேர்த்தார். தப்பு பையன் மேல் இல்லை.

சரி, எங்கள் பாப்பா கதைக்கு வருகிறேன். என்.ஐ.டி. மாதிரி மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான நுழைவுத்தேர்வு, ஜே.இ.இ. மெயினும் எழுதியிருந்தாள், 94 பெர்சன்டைல். கேட்டால் நூற்றுக்கு 94 என்பது போலத்தான் இருக்கும், மச்சான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திருச்சி என்.ஐ.டி. பக்கம் ஹாஸ்டல் எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார். அந்த வருடம் அந்தத் தேர்வை எழுதியவர்கள் பதினான்கு லட்சத்துக்கும் மேல். அதில் ஆறு சதவீதம் பேர் இவளுக்கு முன்னால் நிற்கிறார்கள் என்றால் எண்பதாயிரம் பேருக்கு மேல். திருச்சியில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்பது உண்மைதான், ஆனாலும் இந்த இடத்திலிருந்து அது எட்டாது. மச்சானிடம் இதைச் சொல்ல ஒரு டீயும் இரண்டு வடையும் ஆகின. அவர் அதிகம் பேசமாட்டார், தட்டைப் பார்த்துக்கொண்டே "அப்ப ஸ்டேட் கவுன்சிலிங்தான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்து கட்ஆஃப். எல்லாரும் செய்யும் முதல் காரியம், போன வருட கட்ஆஃப் பட்டியலை, அதாவது ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் வாங்கியவரின் மார்க்கை, எடுத்து நம் மார்க்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அதில் இரண்டு குழி இருக்கிறது. முதலாவது, எந்தக் கட்டத்தைப் பார்க்கிறோம் என்பது. ஓசி, பிசி, பிசிஎம், எம்பிசி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி என்று ஒவ்வொரு இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் தனி எண் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண் அவர் கட்டத்து எண்ணாக இருக்கும், நமக்கு அது உதவாது. இரண்டாவது குழிதான் ஆழம். மார்க் வருடத்துக்கு வருடம் ஒரே எடை இல்லை. 2023இல் 200க்கு 200 வாங்கியவர்கள் 102 பேர். 2024இல் 65 பேர். 2025இல் 144 பேர். உச்சியிலேயே இப்படி ஆடினால் அதற்குக் கீழே 196, 197இல் எவ்வளவு ஆடும்? கொரோனா வருடமான 2021இன் பட்டியலை யாராவது நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள், அந்த வருடம் தேர்வே கிடையாது, பத்தாவது, ப்ளஸ் ஒன் மார்க்கையெல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

அதனால் நான் மார்க்கைத் தொடுவதில்லை. ரேங்க் லிஸ்ட் வரும் வரை பேசாமல் இருப்பேன். ரேங்க் வந்ததும் போன வருடம் அதே ரேங்கில் நின்ற பிள்ளைக்கு என்ன கட்ஆஃப் என்று தேடுவேன். அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் போன வருடப் பட்டியலைப் பிரிப்பேன். பாப்பாவுக்கு அது 196.5ஐவிடக் கொஞ்சம் கீழே இறங்கியது. "நான் வாங்கின மார்க்கையே குறைக்கறீங்களே மாமா" என்றாள். குறைத்தது நான் இல்லை கண்ணு, மேலே கூட்டம் சேர்ந்துவிட்டது என்றேன். நம்பவில்லை, அப்புறம் அவளே உட்கார்ந்து இரண்டு வருட லிஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள்.

இங்கே ஒரு பெரிய சண்டை நடந்தது, எந்த வீட்டிலும் நடப்பதுதான். கல்லூரியா, பாடமா? மச்சானுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும், எங்கே கிடைத்தாலும் சரி. அக்காவுக்கு கிண்டி வேண்டும், என்ன கிடைத்தாலும் சரி. பிள்ளையை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டது எங்கள் அப்பா, அதாவது அவள் தாத்தா. தோட்டத்துக் கிணற்று மோட்டார் நின்றுபோனால் எலக்ட்ரீஷியன் வர இரண்டு நாள் ஆகும் என்று பாப்பாதான் ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்தே ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். காயில் எரிந்த வாடை வருகிறதா, காண்டாக்ட் கருகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மெயின் ஆஃப் பண்ணியாச்சா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாள். "அந்தக் கரண்ட் படிப்பு இல்லையா இந்த லிஸ்ட்டுல?" என்று தாத்தா கேட்டதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எலக்ட்ரிக்கல்தான் வேண்டும், ஆனால் 196 வாங்கிவிட்டு எலக்ட்ரிக்கல் கேட்டால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். நல்ல மார்க் பிள்ளைகளுக்கு இப்படியும் ஒரு கஷ்டம் இருக்கிறது, மார்க் எந்தப் பாடத்தை வாங்கித் தருமோ அதைத்தான் ஆசைப்பட வேண்டும் என்று ஆகிவிடுகிறது.

அதற்கப்புறம் வேலை எளிதாகிவிட்டது. கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் எங்களுக்குக் கனவுதான், அது 199ஐ ஒட்டியே மூடிவிடும். கிண்டியில் எலக்ட்ரிக்கல் என்றால் வாசல்படி வரைக்கும் போகலாம், உள்ளே விடுவார்களா என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி., ஜி.சி.டி., சி.ஐ.டி., மதுரை தியாகராஜர், சென்னை எஸ்.எஸ்.என்., இவற்றில் எலக்ட்ரிக்கல் என்றால் தைரியமாக நினைக்கலாம். சேலம் அரசுக் கல்லூரி, காரைக்குடி அழகப்பா, திருநெல்வேலி அரசுக் கல்லூரி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். எலக்ட்ரானிக்ஸும் பிடிக்கும் என்றாள், அதற்குக் கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்று இன்னொரு வரிசை. சில கல்லூரிகளில் ஒரே பாடம் இரண்டு வரியில் வரும், ஒன்று சாதாரணம், ஒன்று செல்ஃப் சப்போர்ட்டிங், கட்டணம் வேறு. அதைக் கவனிக்காமல் கிளிக் செய்துவிட்டுச் சேரும்போது முழிப்பவர்கள் உண்டு.

கல்லூரியை நேரில் பார்க்காமல் லிஸ்டில் எழுதக் கூடாது என்பது என் பிடிவாதம். மேலே இருக்கும் இடங்களுக்கு இது தேவையில்லை. நடுவில், அடியில் இருக்கும் இடங்களுக்கு அவசியம். ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு மூன்று கல்லூரி போனோம். பெயர் வேண்டாம், ஒன்றில் வரவேற்பறையிலேயே அருவி கொட்டுகிறது, சுவர் முழுக்க "உச்சபட்ச சம்பளம்" என்று ஒரே ஒரு பையனின் படம். அப்படியென்றால் நடுவில் நிற்கும் பையனுக்கு எவ்வளவு, எத்தனை பேர் வேலைக்குப் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்டேன். "சார் நீங்க மீடியாவா?" என்றார்கள். மெஷின்ஸ் லேப் பார்க்கலாமா என்று பாப்பா கேட்டாள். சாவி இருப்பவர் லீவாம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மோட்டார்கள் மேல் போட்ட பிளாஸ்டிக் உறை வாங்கின புதிதில் போட்டபடியே இருந்தது. இன்னொன்றில் வெளியே பெயிண்ட் உரிந்த கட்டடம், ஆனால் லேபில் மேஜையெல்லாம் கீறல், ஒயர் எல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றியது, விடுமுறையிலும் இரண்டு பையன்கள் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார்கள். பாப்பா அவர்களோடு அரை மணி நேரம் நின்றாள். லிஸ்டில் இரண்டாவது கல்லூரி பத்து இடம் மேலே ஏறியது, அருவிக் கல்லூரி வெளியே போனது.

இடையில் வந்த போன்களைச் சொல்லவில்லை. ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எப்படித்தான் நம்பர் கிடைக்கிறதோ, "இன்னும் நாலு சீட்தான் சார், இன்னைக்கு அட்வான்ஸ் போட்டா பிளாக் பண்ணிடலாம்" என்று தினம் ஒருவர். மச்சான் இரண்டு தடவை ஜிபேவைத் திறந்தார், இரண்டு தடவையும் அக்கா போனைப் பிடுங்கினாள்.

இப்போது முக்கியமான விஷயம், வருடா வருடம் நான் தொண்டை வலிக்கக் கத்துவது. சாய்ஸ் வரிசையில் கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினால் கிடைக்கும் கல்லூரி கைநழுவிப் போய்விடுமோ என்று பாதிப் பேர் பயப்படுகிறார்கள். "முதல் சாய்ஸா போட்டாத்தான் தருவாங்களாமே" என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். அப்படி இல்லை. உங்கள் ரேங்க் முறை வரும்போது கம்ப்யூட்டர் உங்கள் லிஸ்டை மேலிருந்து கீழே படிக்கும், எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைத் தரும். உங்கள் முப்பதாவது சாய்ஸை உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஒருவர் முதல் சாய்ஸாகப் போட்டிருந்தாலும், இடம் உங்களுக்குத்தான். நான் 2004இல் திரையைப் பார்த்துக்கொண்டே மனதில் செய்ததை இது முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு செய்கிறது, அவ்வளவுதான். அதனால் ஆசை இருந்தால் மேலே எழுதலாம், ஒரு பைசா நஷ்டம் இல்லை. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், வரம்பே இல்லை.

ஆனால் ஆசை இல்லாததை மேலே எழுதக் கூடாது. மச்சான் சும்மா ஒரு பேச்சுக்கு கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸை முதலில் போடலாம், எப்படியும் கிடைக்காது என்றார். கிடைத்துவிட்டால் என்று பாப்பா கேட்டாள். சரியான கேள்வி. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொண்டு சேரலாம், அல்லது ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம், இதை அப்வர்ட் என்பார்கள். மேலே ரேங்க் உள்ள ஒருவர் சேராமல் விட்டால் அந்த இடம் நமக்கு வரும், வந்துவிட்டால் கையில் இருந்த பழைய இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பழையதே நல்லது என்று பிறகு அழுது பயனில்லை. ஆக, லிஸ்டில் ஒன்றுக்கு மேலே ஒன்று எழுதினால், நாளைக்கு அதற்காக இதை விட்டுவிடுவேன் என்று கையெழுத்துப் போட்டது போலத்தான். மச்சான் கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸை லிஸ்டிலிருந்து எடுக்கச் சம்மதித்தார், அதற்குப் பதில் கிண்டி எலக்ட்ரானிக்ஸ் முதலில் வர வேண்டும் என்றார். பாப்பா யோசித்து, அது வந்தால் சந்தோஷமாகவே போவேன் என்றாள். சரி, முதலாவது அது. இரண்டாவது கிண்டி எலக்ட்ரிக்கல். மூன்றாவது பி.எஸ்.ஜி. எலக்ட்ரிக்கல்.

லாங் சைஸ் நோட்டில் இரண்டு பக்கம் எழுதினோம், மொத்தம் 43. பெயரை நம்பாமல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கவுன்சிலிங் கோடு எண்ணை எழுத வைத்தேன், ஏனென்றால் ஒரே சாமி பெயரில் நான்கு கல்லூரி இருக்கும் மாநிலம் இது. அதிலும் கோயம்புத்தூர்க் கோடுகள் ஜி.சி.டி. 2005, பி.எஸ்.ஜி. 2006, சி.ஐ.டி. 2007 என்று வரிசையாக நிற்கும், அவசரத்தில் ஒரு எண் பிசகினால் வேறு கல்லூரி வாசலில் நிற்க வேண்டியதுதான். நாற்பத்து மூன்றாவது எழுதும்போது அக்கா, "இதுலெல்லாமா என் பொண்ணு படிக்கப் போறா?" என்றாள். அங்கே சேர வேண்டிய நிலை வந்தால் போவாயா என்று பாப்பாவைக் கேட்டேன். போவேன் என்றாள். போகமாட்டேன் என்றிருந்தால் அடித்திருப்பேன், லிஸ்டிலிருந்து.

சாய்ஸ் ஃபில்லிங் மூன்று நாள். முதல் நாளே ஏற்றிவிட்டோம், மூன்றாம் நாள் சாயந்திரம் வரை லாக் பண்ணவில்லை, சர்வர் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு என்பதால் நாலு மணிக்கே பண்ணிவிட்டோம். தற்காலிக ஒதுக்கீடு வந்தபோது அக்கா சாமி அறையில், மச்சான் வாசலில், பாப்பா போனைத் திறக்க மாட்டேன் என்று என் கையில் கொடுத்துவிட்டாள். மூன்றாவது சாய்ஸ். பி.எஸ்.ஜி., எலக்ட்ரிக்கல். அப்வர்ட் கொடுத்தோம், மேலே நகரவில்லை. 40 சாய்ஸ் சும்மா கிடந்தன, டைப் பண்ணின என் விரல் வலிதான் மிச்சம் என்று மச்சான் இன்னும் கிண்டல் பண்ணுகிறார்.

தாத்தாவிடம் போய்ச் சொன்னோம். எந்த காலேஜ் என்று இரண்டு தடவை கேட்டார், காது கொஞ்சம் மந்தம். பி.எஸ்.ஜி. என்று பாப்பா சத்தமாகச் சொன்னாள். "அட, நம்ம கெணத்து மோட்டார் கம்பெனியா? அவங்க பம்பு எழுவதுல வாங்கினது, இன்னும் ஓடுது. ஏன் கண்ணு, அவங்க காலேஜும் வெச்சிருக்காங்களா?" என்றார்.